சொல்லிக் கொடுத்தது முளைத்ததா?

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)

நெல் விதை வாங்கி வந்தால் அப்படியே கொண்டுபோய் நாற்றங்காலில் கொட்டிவிடுகிறோமா? விவரம் தெரிந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். மூட்டையின் மேலே கொஞ்சம், நடுவிலே கொஞ்சம், அடியிலே கொஞ்சம் என்று எடுத்து, நூறு விதையை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வைப்பார்கள். சில நாள் கழித்துப் பிரித்து, எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். எண்பதுக்கு மேல் முளைத்தால் சரி. நாற்பதுதான் முளைத்தது என்றால், விற்றவர் என்ன அளந்தாலும் அந்த விதையை நம்ப மாட்டோம். இல்லீங்களா?

நல்ல யோசனைக்கும் இதே கணக்குத்தான். சுகாதாரப் பணியாளர் ஒரு அம்மா வீட்டு வாசலில் நின்று, பிள்ளைக்கு இதைக் கொடுங்க, அதைச் செய்யுங்க என்று சொல்லிவிட்டுப் போகிறார். நம் வீட்டுப் பெண்களும் சரிங்க சரிங்க என்று தலையாட்டுகிறார்கள். நோட்டில் ஒரு டிக் விழுகிறது. சொன்னது முளைத்ததா? அதை யார் எண்ணிப் பார்த்தார்கள்?

எண்ணிப் பார்த்த ஒரு நாடு உண்டு. அந்த நாட்டின் கதையைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன். நாடு பங்களாதேஷ். நோய், குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு. மருந்து, உப்பும் வெல்லமும் தண்ணீரும்.

வாடுகிற பயிருக்குத் தண்ணீரை நிறுத்துவோமா?

முதலில் நோயைப் புரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் தண்ணீராகப் போகிற பேதியில் பிள்ளையைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்புத்தான். உடம்பில் உள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுகின்றன. கண் குழி விழுகிறது. நாக்கு வறளுகிறது. அழுதால் கண்ணீர் வருவதில்லை. காலையில் விளையாடிய பிள்ளை மாலையில் துவண்டு விடுகிறது. மடை அடைபட்ட வயலில் பயிர் சுருள்கிறதே, அதே கதைதான்.

ஆனால் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? தண்ணி கொடுத்தா இன்னும் அதிகமாப் போகும், கொடுக்காதே என்பார்கள். சோற்றை நிறுத்து, பாலை நிறுத்து என்பார்கள். சுருண்ட பயிருக்குத் தண்ணீரை நிறுத்துகிற மாதிரி இது. வங்காளத்துக் கிராமங்களிலும் இதே எண்ணம் உண்டு.

வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. பேதியாகிற குடலில் உப்பு தனியாக உள்ளே போகத் திணறும். சர்க்கரையும் உப்பும் ஜோடி சேர்ந்தால், குடல் சுவரைத் தாண்டி இரண்டும் உள்ளே போய்விடும். ஒற்றை மாட்டுக்கு நகராத பாரவண்டி ஜோடி மாட்டுக்கு நகர்கிறதல்லவா, அப்படி. இவை போகிற வழியே தண்ணீரும் பின்னால் இழுபட்டுப் போகும். பேதி நிற்பதற்கு முன்னாலேயே உடம்பு நீரை ஏற்றுக்கொள்ளும். இதுதான் இந்த மருந்தின் சூட்சுமம்.

டாக்காவில் இருந்த காலரா ஆராய்ச்சிக் கூடத்தில் 1968-ஆம் ஆண்டு இதை நோயாளிகளிடம் காட்டினார்கள். 1971-இல் போர் வந்தது. எல்லை தாண்டி லட்சக்கணக்கில் அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் பன்காவ் என்ற ஊரில் முகாம்களில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோயின. அங்கே வேலை பார்த்த டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் சேர்த்த நீரைப் பீப்பாய்களில் கரைத்து வைத்தார். நோயாளியின் சொந்தக்காரர்களையே மொண்டு மொண்டு குடிக்க வைக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. நர்சு வேண்டாம், ஊசி வேண்டாம், தாயின் கையே போதும் என்பது அங்கே தெரிந்தது. 1978-இல் லான்செட் என்ற மருத்துவ இதழ், இந்த நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது.

மருந்து உண்டு, வீடு வரை வழி இல்லை

மருந்து கண்டாகிவிட்டது. ஆனால் ஆறும் சேறும் நிறைந்த பங்களாதேஷ் கிராமத்துக்கு அதை எப்படிக் கொண்டுபோவது? பொட்டலம் எல்லா வீட்டுக்கும் போதாது. மழைக்காலத்தில் படகு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத ஊர்கள் ஏராளம்.

பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1972-இல் பசுலே ஹசன் அபேத் என்பவரால் தொடங்கப்பட்டது. போரில் நொறுங்கிய சுல்லா என்ற பகுதியில் வேலையை ஆரம்பித்தார்கள். அவர்கள் 1979-இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பொட்டலத்துக்குக் காத்திருக்க வேண்டாம், வீட்டில் இருப்பதைக் கொண்டே தாய் தன் கையால் கலக்கட்டும் என்பதுதான் அது. வங்காள மொழியில் லோபோன் என்றால் உப்பு, குர் என்றால் வெல்லம். லோபோன்-குர் சர்பத் என்று ஊரெல்லாம் பேர் சொல்லும்படி ஆயிற்று.

அளவுக்கு என்ன செய்வது? தராசும் கரண்டியும் எல்லா வீட்டிலும் கிடையாது. கை எல்லாரிடமும் உண்டு. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, நாலு விரலால் ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இதுதான் அவர்கள் கண்ட அளவு. இதை நீங்கள் இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்கு உரிய அளவைக் கடைசியில் சொல்கிறேன்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. உப்பு கூடிப்போனால் பிள்ளைக்கு நல்லதுக்குப் பதிலாகக் கெடுதல் வரும். வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். ஏக்கருக்கு இவ்வளவுதான் என்ற பூச்சிமருந்தை இரண்டு பங்கு ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகையால் அரைகுறையாகச் சொல்லிக் கொடுப்பதைவிட, சொல்லாமல் இருப்பதே மேல் என்ற நிலைமை. தண்டோராப் போட்டு முடிக்கிற வேலை இல்லை இது. ஒவ்வொரு தாயின் கையிலும் அளவு உட்கார வேண்டும்.

வாசலுக்கு வந்த பெண்கள்

இந்த வேலைக்குக் கிராமத்துப் பெண்களையே எடுத்தார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல, பள்ளிக்கூடம் போய் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, குழுக் குழுவாக ஊர் ஊராக அனுப்பினார்கள். ஒருவர் ஒரு நாளைக்குச் சுமார் பத்து வீடுதான் பார்க்கலாம். அதற்கு மேல் ஓடக்கூடாது.

பயிற்சியில் என்ன கற்றுக் கொடுத்தார்கள்? நோயைப் பற்றிப் பிரசங்கம் செய்ய அல்ல. வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்து பேச. முதலில் தாய் மனதில் நிற்க வேண்டிய செய்திகள் பத்து என்று வைத்திருந்தார்கள். பேதி என்றால் என்ன, நீர் வற்றினால் என்ன அடையாளம், எப்படிக் கலப்பது, எவ்வளவு கொடுப்பது, தாய்ப்பாலை நிறுத்தலாமா, எப்போது வைத்தியரிடம் போவது, இப்படி. பத்து அதிகம் என்று கண்டு பின்னாளில் ஏழாகக் குறைத்தார்கள். நெருக்கி நட்டால் எந்தப் பயிரும் தூர் கட்டாது அல்லவா?

செய்தியைச் சொன்ன பிறகு பணியாளர் ஒரு முறை கலந்து காட்டுவார். அப்புறம் தான் கையைக் கட்டிக்கொண்டு, தாயைக் கலக்கச் சொல்வார். அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அரை சேர் தண்ணீர் எதுவரை வரும் என்று அளந்து அடையாளம் போட்டுக் கொடுப்பார். தப்பாகக் கலந்தால் மறுபடி கலக்கச் சொல்வார். வேளாண்மை அலுவலர் விதை நேர்த்தியை மேடையில் சொன்னால் பாதிப் பேருக்கு மறந்துபோகும். உங்கள் களத்திலேயே உங்கள் கையால் விதையைப் புரட்ட வைத்தால் மறக்காது. அந்த முறைதான் இது.

முளைப்புச் சோதனை

இனிமேல்தான் விசேஷமே இருக்கிறது. பணியாளர் வந்து போய்ச் சுமார் ஒரு மாதம் ஆன பிறகு, வேறொருவர் அந்த ஊருக்கு வருவார். இவர் சோதனையாளர். சொல்லிக் கொடுத்தவரும் சோதிப்பவரும் ஒரே ஆள் கிடையாது. பட்டியலில் இருந்து சில வீடுகளைக் குருட்டாம்போக்கில் பொறுக்கி எடுத்துப் போவார். எந்த வீடு என்று முன்னால் யாருக்கும் தெரியாது. மூட்டையில் மேலே கொஞ்சம், நடுவே கொஞ்சம், அடியிலே கொஞ்சம் என்றேனே, அதேதான்.

அங்கே போய் அந்தத் தாயிடம் செய்திகளைக் கேட்பார். சர்பத்தைக் கலந்து காட்டச் சொல்வார். கலந்த நீரில் கொஞ்சம் எடுத்து, உப்பு சரியாக இருக்கிறதா என்று சோதனைச் சாலையில் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் முதல் தரம். கொஞ்சம் குறைந்தால் அடுத்த தரம். கலக்கவே தெரியவில்லை என்றால் கடைசித் தரம்.

அந்தத் தரத்தை வைத்துத்தான் பணியாளருக்குப் பணம். முதல் தரத்துக்கு முழுசாக. கீழே போகப் போகக் குறையும். கடைசித் தரத்துக்கு ஒன்றுமில்லை. அதாவது, ஏறி இறங்கிய வீட்டுக்குக் கூலி இல்லை. நினைவில் நின்ற வீட்டுக்குத்தான் கூலி.

இது கறாரான ஏற்பாடுதான். ஆனால் பலனைப் பாருங்கள். எண்ணிக்கைக்காக ஓடினவர்கள் நிதானமானார்கள். புரியாத தாயிடம் இன்னும் பத்து நிமிஷம் கூட உட்கார்ந்தார்கள். மறந்தால் தாயின் குற்றம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. மாணாக்கனுக்குப் பாடம் வராவிட்டால் வாத்தியாருக்குத்தான் மார்க்குக் குறையும் என்ற கணக்கு.

கையில் வந்தது, வாயில் போகவில்லை

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் சொல்ல வந்திருக்க மாட்டேன். 1980-க்குப் பின் வேலை பரவியபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. சோதனையில் தாய்மார்கள் நன்றாகக் கலக்கிறார்கள். ஆனால் வீட்டில் பிள்ளைக்குப் பேதி வந்தபோது கலந்து கொடுத்தவர்கள் வெகு சிலரே. விதை முளைத்தது, ஆனால் கதிர் வைக்கவில்லை.

ஜனங்களுக்குப் புத்தியில்லை என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விடவில்லை. ஏன் என்று போய் விசாரித்தார்கள். மூன்று காரணம் தெரிந்தது. மூன்றும் நம் ஊருக்கும் பொருந்தும்.

முதல் காரணம், பேர். பணியாளர்கள் "டயரியா" வந்தால் கொடுங்கள் என்று சொன்னார்கள். ஊர்ஜனங்களுக்கோ பேதி நாலு வகை. பால்குடிப் பிள்ளைக்கு வருவது ஒன்று, அஜீர்ணத்தில் போவது ஒன்று, சளியும் சீதமுமாகப் போவது ஒன்று, காலரா போலத் தண்ணீராகக் கொட்டுவது ஒன்று. கடைசி ஒன்றுக்குத்தான் அவர்கள் பாஷையில் டயரியா என்று பேர். மற்ற மூன்றும் வந்தபோது, இது அது இல்லையே என்று சும்மா இருந்துவிட்டார்கள். நம் வீட்டிலும் அப்படித்தானே? மாந்தம் என்பார்கள், பல் முளைக்கிறதால் போகுது என்பார்கள், செரிக்கலை என்பார்கள். வயிற்றுப்போக்கு என்று நோட்டீசில் போட்டிருப்பது இதைத்தான் என்று யார் சொன்னார்கள்? அங்கே பணியாளர்கள் ஊர்ப் பேரையே கற்றுக்கொண்டு, நாலு வகையையும் பேர் சொல்லிப் பேச ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் காரணம், ஆண்கள். தாய்க்குத்தான் சொன்னார்கள். தகப்பனுக்குத் தெரியாது. வெளியூர்ப் பொம்பளைங்க வந்து நம்ம வீட்டில் என்ன பேசிவிட்டுப் போனாங்க என்ற சந்தேகம் வேறு. அவசரத்தில் தாய் வெல்லத்தைக் கையில் எடுத்தால், இதென்ன மருந்து, போய் மாத்திரை வாங்கிட்டு வர்றேன் என்று தகப்பன் தடுத்துவிடுவான். இது தெரிந்த பிறகு, கடைத்தெருவிலும் மசூதியிலும் பள்ளிக்கூடத்திலும் ஆண்களைக் கூட்டி வைத்துப் பேசினார்கள்.

மூன்றாம் காரணம்தான் எல்லாவற்றிலும் பெரியது. சொல்லிக் கொடுத்த பணியாளர்களிலேயே பலருக்கு இதில் நம்பிக்கை இல்லை! உப்பும் வெல்லமும் மருந்தாகுமா என்று உள்ளுக்குள் சந்தேகம். தங்களுக்குப் பேதி வந்தால் வேறு மருந்து தேடினார்கள். நாக்கில் உள்ளது நெஞ்சில் இல்லை என்றால், எதிரில் இருக்கிற தாய் அதைக் கண்டுபிடிக்காமல் இருப்பாளா? தன் வயலில் போடாத விதையை ஊருக்குச் சிபாரிசு செய்கிறவரை நீங்கள் நம்புவீர்களா?

ஆகவே பணியாளர்களுக்கு மறுபடியும் பயிற்சி கொடுத்தார்கள். இந்த முறை மனப்பாடம் இல்லை. டாக்காவுக்கு அழைத்துப் போய், இந்தக் கரைசல் உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிக் காட்டினார்கள். தங்களுக்குப் பேதி வந்தால் தாங்களும் இதையே குடிக்க வேண்டும் என்றார்கள். வீடுகளில் கலந்து காட்டும்போது, முதல் மடக்கைத் தாமே குடித்துக் காட்டச் சொன்னார்கள். அதன் பிறகு, பிள்ளைக்குக் கலந்து கொடுக்கிற வீடுகள் பெருகின.

இப்படிப் பத்து வருஷம், 1990 வரைக்கும், வீடு வீடாக நடந்தார்கள். சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகள் ஆயின. 1980-இல் அந்த நாட்டில் ஆயிரம் பிள்ளை பிறந்தால் சுமார் 200 பிள்ளைகள் ஐந்து வயதுக்குள் இறந்தன. இன்றைக்கு அது 40-க்கும் கீழே. தடுப்பூசி, பெண்கள் படிப்பு, நல்ல குடிநீர் என்று இதற்குப் பல காரணம் உண்டு. எல்லாம் இந்த சர்பத்தால்தான் என்று சொல்லக்கூடாது. ஆனால் பேதிக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுப்பதில் உலகத்திலேயே முன்வரிசையில் நிற்கிற நாடு அது என்பதில் சந்தேகமில்லை.

நம் வீட்டுக்கு என்ன?

நம் ஊரில் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார், அங்கன்வாடிப் பணியாளர் இருக்கிறார். அவர்கள் வாசலுக்கு வந்தால், பொம்பளைங்க சமாசாரம் என்று ஆண்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள். எங்களையே கலக்கச் சொல்லுங்கம்மா, சரியா என்று பாருங்க என்று கேளுங்கள். புரியாத பேர் சொன்னால், நாங்க மாந்தம்னு சொல்றோமே, அதுக்கும் இதுதானா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மறுமாதம் வரும்போது எங்க வீட்டில் மறுபடியும் சோதிச்சுப் பாருங்க என்று சொல்லுங்கள். அப்படிக் கேட்கிற ஊரில் பணியாளருக்கும் உற்சாகம் வரும்.

பயிற்சி கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை வீடு போனீர்கள் என்று மட்டும் கேட்டால், எத்தனை வீடு போனோம் என்றுதான் பதில் வரும். எத்தனை வீட்டில் கலக்கத் தெரிகிறது என்று கேளுங்கள்.

இனி, சொன்னபடி நமக்கு உரிய அளவு. இப்போது ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கிறது. அதுதான் முதல் தேர்வு. பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சின்னப் பொட்டலமும் உண்டு. மேலே எழுதியிருக்கிற அளவைப் படித்துப் பாருங்கள். முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில், கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டிப் பாதியை மடித்து வைக்கக்கூடாது. கரைத்தது 24 மணி நேரம்தான். மீந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

பொட்டலம் இல்லாத ராத்திரியில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கலந்து வாயில் விட்டுப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அதைக் கொட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு தடவை போன பிறகும், இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குக் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை, பெரிய பிள்ளைக்கு அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை. கரண்டி கரண்டியாக, மெள்ள மெள்ளக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெள்ளக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. சாப்பிடுகிற பிள்ளைக்குச் சோற்றையும் நிறுத்தக்கூடாது. துத்தநாக மாத்திரை கொடுப்பார்கள். அதைப் பேதி நின்றாலும் 14 நாள் வரை விடாமல் கொடுங்கள். கண் குழி விழுந்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும், பிள்ளை குடிக்க முடியாமல் துவண்டு போனாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். வழியெல்லாம் கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் பெருமக்களே, இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் ஒரு லிட்டர் பிடிக்கிற பாத்திரம் எது என்று பார்த்து வையுங்கள். சர்க்கரையும் உப்பும் எடுத்து, நீங்களே ஒரு தடவை கலந்து, ஒரு மடக்குக் குடித்துப் பாருங்கள். அடுத்த மாதம் இதே நாளில், பார்க்காமல் கலக்க வருகிறதா என்று சோதியுங்கள். வந்தால் நான் சொன்னது முளைத்தது என்று அர்த்தம். வராவிட்டால் குற்றம் உங்களுடையது அல்ல, சொன்ன என்னுடையது.